எண் யாருடையது?

2025 ஜனவரி 28ஆம் திகதி இலங்கையில் ஒரு புது விதி நடைமுறைக்கு வந்தது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதியப்படாத ஐஎம்இஐ இலக்கம் உள்ள கைத்தொலைபேசியை அன்று முதல் எந்த வலையமைப்பிலும் புதிதாக இணைக்க முடியாது. அதற்கு முன்பே பாவனையில் இருந்த போன்களுக்குப் பாதிப்பில்லை. வெளிநாட்டில் ஓர் உறவாவது இல்லாத குடும்பம் வன்னியில் குறைவு. ரொறன்ரோவிலிருந்தோ பாரிசிலிருந்தோ சித்தப்பா கொண்டுவந்து கொடுக்கும் போன்தான் பல வீடுகளில் இருக்கும் நல்ல போன். எனவே கொழும்பில் வெளியான அந்த அறிவித்தல் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வெறும் நிர்வாகச் செய்தியாக வந்து சேரவில்லை. *#06# என்று அழுத்தினால் போன் தன் 15 இலக்க எண்ணைக் காட்டும். அதை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பதிவு உண்டா இல்லையா என்று பதில் வரும். தன் போனுக்கு இப்படி ஓர் எண் இருக்கிறது என்பதையே பலர் அப்போதுதான் அறிந்தார்கள்.

அந்த 15 இலக்கங்களில் முதல் எட்டும் போனின் மாதிரியைச் சொல்லும். அடுத்த ஆறு தொடரிலக்கம். கடைசி ஒன்று, முன்னுள்ள பதினான்கும் பிழையின்றி எழுதப்பட்டனவா என்று சரிபார்க்க. உரிமையாளர் யார் என்பதற்கு அதில் இடமே இல்லை. வாடிக்கையாளர் கணக்கை வலையமைப்புக்கு அடையாளம் காட்டுவது சிம் அட்டைக்குள் இருக்கும் வேறோர் எண். அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும், இலங்கைக்கு 413. அடுத்த இரண்டும் சேவை வழங்குநர்: 01 என்றால் மொபிடெல், 02 என்றால் டயலொக். புதுக்குடியிருப்பில் ஒருவர் புது சிம்மைப் போட்டு போனை இயக்கும்போது கோபுரம் கேட்பது இந்த எண்ணைத்தான். ஆளை உறுதிசெய்துகொண்டதும் வலையமைப்பு ஒரு தற்காலிக எண்ணைக் கொடுத்து, இனிமேல் இதைச் சொன்னால் போதும் என்று விட்டுவிடும். நிரந்தர எண்ணை ஒவ்வொரு தடவையும் வானலையில் சொல்லிக்கொண்டிருந்தால் ஒட்டுக்கேட்பவர் ஆளைத் தொடர்ந்துபோக வசதியாகிவிடும் என்பதே காரணம்.

ஓர் எண் ஒரே கருவிக்குத்தான் என்ற விதியும் எப்போதும் காப்பாற்றப்படுவதில்லை. 2020இல் இந்தியாவின் மீரட் நகரப் பொலிசார் ஒரே ஐஎம்இஐ இலக்கத்தில் 13,500க்கும் மேற்பட்ட போன்கள் இயங்குவதைக் கண்டுபிடித்தார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்துத் திருட்டுப்போன் தேடியிருந்தால் எத்தனை வீட்டுக் கதவுகளைத் தட்டவேண்டியிருந்திருக்கும்!

கணினிக்கு வருவோம். கேபிளிலோ வைபையிலோ இணையும் ஒவ்வொரு கருவியின் வலையமைப்பு அட்டைக்கும் தொழிற்சாலையிலேயே ஓர் எண் பதியப்படுகிறது. மாக் முகவரி என்று பெயர். 1980இல் சீராக்ஸ், டிஜிற்றல், இன்ரெல் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட ஈதர்நெற் வரையறையிலிருந்து வருவது இது. நீளம் 48 பிற்று. முதற்பாதி தயாரிப்பாளரைக் குறிக்கும். ஐஈஈஈ என்ற பொறியியலாளர் நிறுவனம் அதை ஒதுக்கிக் கொடுக்கிறது. மறுபாதியைத் தயாரிப்பாளர் தாமே இடுகிறார். இந்த எண்ணுக்கு ஒரு குறை உண்டு: அது கணினி எது என்பதைச் சொல்லும், எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஒரே அறைக்குள் இருக்கும் நாற்பது கணினிகள் ஒன்றையொன்று அறிய அது போதும். மல்லாவியிலிருந்து மெல்பேணுக்குச் செய்தி அனுப்பப் போதாது. அதற்குத்தான் ஐபி முகவரி.

இந்த வேறுபாட்டை வன்னி மக்களுக்கு விளக்கப் பாடநூல் தேவையில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய தேசிய அடையாள அட்டை இலக்கம் அவர் பிறந்த ஆண்டையும் நாளையும் சுமந்துகொண்டு எங்கும் மாறாமல் வந்தது. அட்டை தொலைந்தபோதும் இலக்கம் தொலையவில்லை. முகவரியோ கிளிநொச்சியில் ஒன்று, தருமபுரத்தில் ஒன்று, மாத்தளனில் ஒன்றுமேயில்லை, முகாமில் "சோன் இத்தனை, கூடாரம் இத்தனை". அந்தக் கூடார எண்ணுக்குக் கடிதம் வரும், நிவாரணம் வரும். அவர் அங்கிருந்து போனதும் அதே எண்ணில் இன்னொரு குடும்பம் இருக்கும். 2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டபோது கடைசியாக வெளியேறிய கேப்பாப்புலவு மக்கள் சொந்த நிலத்துக்குப் போகவில்லை, சீனியாமோட்டைக்குப் போனார்கள். அங்கே மீண்டும் ஒரு புது முகவரி. மாக் முகவரி அடையாள அட்டை இலக்கம் என்றால், ஐபி முகவரி கூடார எண். ஒன்று ஆளோடு போகும், மற்றது இடத்தோடு நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன நடக்கும் என்பதுதான் இந்த உரையின் பொருள்.

கூடார எண்ணைக் கொடுக்க ஒரு பதிவாளர் வேண்டுமல்லவா? வலையமைப்பில் அந்த வேலையை டிஎச்சிபி என்ற முறை செய்கிறது. 1993இல் வரையறுக்கப்பட்டது. பாடசாலைக் கணினி அறையில் ஒரு கணினியை இயக்கியதும் அதற்கு முகவரி கிடையாது. யாரிடம் கேட்பதென்றும் தெரியாது. ஆகவே தன் மாக் முகவரியைச் சொல்லி, முகவரி கொடுக்கக்கூடியவர் யாராவது உண்டா என்று வலையமைப்பிலுள்ள எல்லோருக்கும் ஒரு செய்தி அனுப்புகிறது. ரவுட்டர் "192.168.1.23 இருக்கிறது, வேண்டுமா?" என்கிறது. கணினி அதையே கேட்கிறது. ரவுட்டர் உறுதிசெய்கிறது. இந்த நான்கு செய்திகளும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். கொடுக்கப்படும் முகவரி சொந்தமல்ல, வாடகை. தவணை முடியுமுன் புதுப்பிக்காவிட்டால் இன்னொருவருக்குப் போய்விடும். க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பயனுள்ள குறிப்பு: முகவரி 169.254 என்று தொடங்கினால், கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். விண்டோசை அழித்து மீண்டும் போடவேண்டியதில்லை. முதலில் கேபிளையும் ரவுட்டரையும் பார்க்கவேண்டும்.

அடுத்த கட்டம் இன்னும் வெகுளித்தனமானது. வெளியுலகத்துக்குப் போகும் வாசல் 192.168.1.1 என்று கணினிக்குத் தெரியும். அதன் மாக் முகவரி தெரியாது. மறுபடியும் எல்லோரிடமும் கேட்கிறது: அந்த முகவரி யாருடையது? முதலில் "என்னுடையது" என்று சொல்பவரை அது நம்பிவிடும். 1982இல் எழுதப்பட்ட இந்த ஏஆர்பி முறையில் பதில் சொல்பவர் பொய் சொல்கிறாரா என்று பார்க்க எந்த ஏற்பாடும் இல்லை. பேருந்து நிலையத்தின் இலவச வைபையில் வங்கிக் கணக்கைத் திறக்கவேண்டாம் என்று சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாறாத எண் என்று சொல்லப்பட்ட மாக் முகவரியும் இப்போது அப்படி இல்லை. கடைத்தெருவில் நடந்துபோகும் ஒருவரின் போன் வழியிலுள்ள வைபைகளையெல்லாம் தேடிக்கொண்டே போகும். அப்போது தன் எண்ணையும் சொல்லிக்கொண்டே போகும் என்பதால், ஆட்களின் நடமாட்டத்தைக் குறித்துவைக்கும் தொழில் ஒன்று உருவாகிவிட்டது. அதைத் தடுக்க 2019இல் அன்ரொயிட் 10, 2020இல் ஐஓஎஸ் 14 முதல் போன்கள் ஒவ்வொரு வைபைக்கும் ஒவ்வொரு பொய் எண்ணைச் சொல்லத் தொடங்கின. கண்டுபிடிப்பது எளிது. போனின் அமைப்புகளில் வைபை முகவரியைப் பார்க்கும்போது அதன் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ என்ற நான்கில் ஒன்றாக இருந்தால் அது தொழிற்சாலை கொடுத்த எண்ணல்ல. மாக் முகவரியைப் பார்த்துப் பிள்ளைகளின் போன்களைத் தடுக்கலாம் என்று நினைத்துப் பட்டியல் வைத்திருக்கும் விடுதிகளும் பாடசாலைகளும் இதைக் கவனிப்பது நல்லது.

இனி வாசலுக்கு வெளியே. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டுமே செல்லும். உலகமெங்கும் கோடிக்கணக்கான வீடுகளில் அதே எண்கள் இருக்கின்றன. வெளியில் செல்லுபடியாகும் முகவரிகளை ஆசிய பசிபிக் பகுதிக்குப் பகிர்ந்து கொடுப்பது பிரிஸ்பேனில் உள்ள ஏபிநிக். இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு ஆரம்பகாலத்திலேயே இணையத்துக்கு வந்ததால் 192.248 என்று தொடங்கும் தொகுதி அதனிடம் இருக்கிறது. பம்பைமடுவிலோ அறிவியல்நகரிலோ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இணையும்போது அவர் நிற்பது இந்த வளமான நிலத்தில். வெளியில் நிற்கும் கமக்காரருக்கு அந்த வசதியில்லை.

1981இல் வரையறுக்கப்பட்ட ஐபி 4 முறையில் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள்தான். 2011 பெப்ரவரி 3ஆம் திகதி மத்திய களஞ்சியம் காலியானது. அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி ஏபிநிக் தன் கடைசித் தொகுதிக்கு வந்து, பங்கீட்டு முறையில் அளந்து கொடுக்கத் தொடங்கியது. இந்த ஆண்டை வன்னியின் நாட்காட்டியோடு பொருத்திப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். போர் முடிந்தது 2009இல். ஏ9 வீதியோரமெங்கும் கோபுரங்கள் எழுந்ததும் மீள்குடியேறியவர்கள் சிம் வாங்கியதும் அதற்குப் பின்னர். புகையிரதம் கிளிநொச்சிக்கு மீண்டும் வந்தது 2013இல். அதாவது, வன்னி இணையத்துக்கு வந்து சேர்ந்தபோது உலகத்தின் முகவரிப் பெட்டி காலியாகிக்கொண்டிருந்தது. கொழும்பில் ஒரு தலைமுறை தொலைபேசிக் கம்பியில் இணைந்து, வீட்டுக்கொரு முகவரி என்ற காலத்தைக் கண்டிருந்தது. வன்னி அந்தக் காலத்தைத் தாண்டி நேரே கைத்தொலைபேசிக்கு வந்தது.

கைத்தொலைபேசி வலையமைப்புகள் முகவரிப் பஞ்சத்தைச் சமாளித்த விதம் கூட்டுக்குடித்தனம். அவை பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. இதற்கென்றே 2012இல் 100.64 என்று தொடங்கும் ஒரு தொகுதியும் ஒதுக்கப்பட்டது. யாருடைய செய்தி எது என்று பிரிப்பது போர்ட் எண். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள் உண்டு. ஆளுக்கு ஆயிரம் என்று கொடுத்தால் ஒரு முகவரியில் அறுபது பேருக்கு மேல் இருக்கலாம். விசுவமடுவில் ஒருவர், கொட்டகலையில் ஒருவர், மாத்தறையில் ஒருவர் ஒரே நேரத்தில் ஒரே ஐபி முகவரியோடு உலகத்தின்முன் நிற்கலாம். பெல்ஜியத்தில் இதை ஒரு பிரச்சினையாகக் கண்டு, ஒரு முகவரிக்கு 16 பேருக்கு மேல் வைப்பதில்லை என்று நிறுவனங்களும் அரசும் உடன்பட்டன. குற்றவாளியோடு நீங்களும் ஒரே ஐபி முகவரியில் இருக்கிறீர்களா என்று 2017இல் யூரோபோல் பகிரங்கமாகவே கேட்டது. 128 பிற்று நீளமுள்ள ஐபி 6 இந்தப் பஞ்சத்தைத் தீர்க்கும், இலங்கையிலும் வந்திருக்கிறது. ஆனால் பழைய முறையில் மட்டும் பேசும் இணையத்தளங்கள் இருக்கும்வரை கூட்டுக்குடித்தனமும் இருக்கும்.

ஆக, ஒரு ஐபி முகவரியைக் காட்டி "இது யார்?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்கே பதில் கிடையாது. முகவரி, போர்ட் எண், நேரம் மூன்றும் வேண்டும். வாடகை முகவரி கைமாறுவதால் நேரம் நொடிக்கணக்கில் சரியாக இருக்கவேண்டும். எந்த நேர வலயத்தின் நேரம் என்பதும் வேண்டும்.

நேர வலயம் என்றதும் வன்னிக்கு ஒரு தனிக்கதை உண்டு. 1996 மே 25ஆம் திகதி மின்சாரத்தை மிச்சப்படுத்தவென்று இலங்கை அரசு கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்ரோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. விடுதலைப் புலிகள் இரண்டு மாற்றத்தையும் ஏற்கவில்லை. தங்கள் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். 2002இல் ஏ9 பாதை திறந்தபின் ஓமந்தையைத் தாண்டி வடக்கே போனவர் தன் கைக்கடிகாரத்தில் அரை மணித்தியாலத்தைத் திரும்பப் பெற்றார். சந்திப்புக்கு நேரம் குறித்தால் பழைய நேரமா புது நேரமா என்று கேட்கவேண்டியிருந்தது. 2006 ஏப்ரல் 15ஆம் திகதி கொழும்பும் பழைய நேரத்துக்கே திரும்பியது. ஏறத்தாழப் பத்து ஆண்டு நீடித்த இரட்டை நேரம் முடிந்தது.

உலகத்துக் கணினிகள் இதை மறக்கவில்லை. லினக்சும் அன்ரொயிட்டும் அப்பிள் கருவிகளும் நேரத்தைக் கணிக்கப் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. ஆதர் டேவிட் ஒல்சன் தொடங்கியது. இப்போது போல் எகேட் பராமரிக்கிறார். அதன் மூலக்கோப்பில் "ஏசியா/கொழும்பு" என்ற பகுதியில் மேற்சொன்ன மூன்று திகதிகளும் இருக்கின்றன. பக்கத்தில் ஒரு குறிப்பும் இருக்கிறது: தமிழர் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் வாழ்பவர்கள் கொல்கத்தா நேரத்தைப் பயன்படுத்தலாம், 1970இலிருந்து இரண்டும் ஒத்துப்போகின்றன என்று. அரசியல் தீர்ப்பு எதையும் அந்தக் குறிப்பு சொல்லவில்லை. கடிகாரம் சரியாக ஓடவேண்டும் என்பதே அதன் அக்கறை. ஆனாலும், ஓமந்தைச் சோதனைச்சாவடி மறைந்து ஆண்டுகள் பல ஆகியும் இந்த அரை மணித்தியாலத்தைக் குறித்து வைத்திருப்பது ஒரு மென்பொருள் கோப்பு என்பதை வரலாற்று மாணவர்கள் கவனிக்கலாம்.

இடத்துக்கும் இதே சிக்கல் உண்டு. ஐபி முகவரியைக் கொடுத்தால் ஊரைச் சொல்லும் சேவைகள் இருக்கின்றன. முல்லைத்தீவில் இருந்துகொண்டு பார்த்தாலும் அவை பெரும்பாலும் கொழும்பு என்றே சொல்லும். காரணம் எளிது: கடலடிக் கேபிள்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறைப் பக்கத்தில். தூத்துக்குடிக்கும் கல்கிசைக்கும் இடையில் 2006இல் ஒரு கேபிள் போடப்பட்டது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் உள்ள தமிழ்நாட்டுக்கு வன்னியிலிருந்து ஒரு செய்தி போகவேண்டுமானாலும் முதலில் தெற்கே போய்த்தான் திரும்பவேண்டும். தவறான ஊரைக் காட்டுவது சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாகத் தோன்றும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் போட்வின் என்ற சிற்றூருக்கு அருகே உள்ள ஒரு பண்ணைக்கு அது சிரிப்பாக இருக்கவில்லை. இடம் தெரியாத முகவரிகளுக்கெல்லாம் நாட்டின் நடுப்புள்ளியைக் காட்டுவோம் என்று மாக்ஸ்மைன்ட் என்ற நிறுவனம் முடிவுசெய்தது. அந்தப் புள்ளி விழுந்தது பண்ணை வீட்டில். 60 கோடிக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் அங்கே இருப்பதாகத் தரவு சொன்னது. களவுபோன கணினியைத் தேடியும் மோசடிக்காரரைத் தேடியும் பொலிசாரும் பாதிக்கப்பட்டவர்களும் ஆண்டுக்கணக்கில் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். 2016இல் ஒரு பத்திரிகையாளர் எழுதிய பிறகுதான் புள்ளி நகர்த்தப்பட்டது.

பெயர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். எண்களை மனிதர் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால் 1983இல் போல் மொக்காபெட்ரிஸ் களப்பெயர் முறையை உருவாக்கினார். அது வலமிருந்து இடமாகப் படிக்கவேண்டிய அதிகாரப் படிநிலை. வவுனியா வளாகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தபோது அதன் இணையப் பெயரில் "எல்கே", "ஏசி" என்பவற்றுக்கு அடுத்து "ஜேஎப்என்" இருந்தது, அதன்பிறகே "வீஏயூ". 2021 ஓகஸ்ற் 1ஆம் திகதி வவுனியாப் பல்கலைக்கழகம் உதயமானது. இன்று அதன் பெயரில் நடுவில் யாழ்ப்பாணம் இல்லை. தமிழிலும் பெயர் வைக்கலாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தான் தின் வீ குழுவினர் 1998இல் பலமொழிப் பெயர்களைச் செய்துகாட்டினார்கள், 2010இல் ".இலங்கை" என்ற தமிழ் முடிவு இணையத்தின் மூலப்பட்டியலில் ஏறியது. ஏ9 வீதியின் கடைப்பலகைகளில் தமிழ் இருக்கிறது. அதே கடைகளின் இணையப் பெயர்களில் இல்லை. வசதி வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இப்படியென்றால் குறை தொழில்நுட்பத்தில் இல்லை.

பெயர் இருந்தால் பெயரை மறைக்கவும் முடியும். 2007 ஜூனில் தமிழ்நெற் இணையத்தளம் இலங்கையில் தடைப்பட்டது. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்கள் நிறுத்தப்பட்டன. ஒவ்வொரு தடவையும், வேறு நாட்டுக் கணினி வழியாக இணைக்கும் விபிஎன் மென்பொருளை நிறுவியவர்கள் தடையைத் தாண்டிப் போனார்கள். அதன் விளைவாக அவர்களின் ஐபி முகவரி அமெரிக்காவையோ நெதர்லாந்தையோ காட்டியது.

இவ்வளவையும் சொல்லவேண்டியிருப்பது சட்டத்தின் பொருட்டு. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இணையத்தில் எழுதப்படுபவற்றுக்கே தண்டனை விதிக்கிறது. இவ்வகை வழக்குகளில் ஆளைச் சுட்ட முதலில் நீட்டப்படுவது ஓர் எண்ணாகத்தான் இருக்கும். கையில் ஒரு போனோடு வளர்ந்த வன்னிப் பிள்ளைகள் பெரும்பாலும் கூட்டு முகவரிக்குப் பின்னால் இருப்பவர்கள் என்பதால், எண்ணை ஆளென்று கொள்ளும் பிழை அவர்கள்மீதே அதிகம் விழக்கூடும். ஒரு வீட்டின் ரவுட்டரை யார் யார் பாவித்தார்கள், ஒரு சிம் யார் பெயரில் வாங்கப்பட்டு யார் கையில் இருக்கிறது என்பதையெல்லாம் எந்த எண்ணும் சொல்லாது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா நீதிமன்றங்களில் தோன்றும் சட்டத்தரணிகளிடமும், கணினி கற்பிக்கும் ஆசிரியர்களிடமும் இந்த உரை வைக்கும் வேண்டுகோள் ஒன்றுதான். ஐபி முகவரி ஒன்றைச் சான்றாகக் காட்டும் ஆவணம் கைக்கு வந்தால் அதில் போர்ட் எண் இருக்கிறதா, நொடி வரை நேரம் இருக்கிறதா, அது இலங்கை நேரமா கிரீன்விச் நேரமா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் எழுத்தில் கேளுங்கள். சேவை வழங்குநர்கள் இந்தப் பதிவுகளை என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. ஆகவே முதல் வாரத்திலேயே கேளுங்கள்.